சாய்ந்த பாளங்கள்

அத்தியாயம் 7

பழைய கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். இந்தக் குளிரில் இரண்டாவது மூச்சு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

யாகுட்ஸ்க் நகரத்தில், குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டும் நாலாவது மாடி வீட்டில் இருந்தவள் துயாரா. ஐந்து வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, எங்கள் ஆர்காகுயோல் மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டாள். படித்தது டாக்டருக்கு ஒரு படி கீழேதான். ஆனால் அடுத்த டாக்டர் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், வந்த அன்றே ஊர் அவளை ஒரு படி ஏற்றி ‘டாக்டரம்மா’ ஆக்கிவிட்டது. கூடவே, நகரத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் எர்கான், ஒன்பது வயது மகள் சந்தாரா. ஒரு மரவீட்டின் முன்பாதியில் மருந்தகம், பின்பாதியில் குடித்தனம். வந்து பன்னிரண்டு நாளாகிறது.

இந்தப் பன்னிரண்டு நாளில் எர்கான் செய்த காரியங்களை ஊர் நூறு வருஷத்துக்காவது சொல்லிச் சிரிக்கும். விறகு தணலாவதற்கு முன்பே புகைபோக்கியை அடைத்துவிட்டு, குடும்பத்தோடு வாசலில் நின்று இருமினான். முடிச்சு விழுந்த கட்டையில் கோடாலியை ஓங்கிப் போட்டான். கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, கோடாலிக்குப் பிடி போயிற்று. கழிப்பறைக்குப் போக, பனியை வெட்டி ஒதுக்கிப் பாதை போட்டான். பாதை நேராகப் போய்ப் பக்கத்து வீட்டு இன்னொகெந்தியின் கழிப்பறையில் முடிந்தது.

ஒரே ஒரு காரியம்தான் உருப்படியாக அமைந்தது. குடிதண்ணீர்.

எங்கள் ஊரில் தண்ணீர் ஓடாது, முற்றத்தில் நிற்கும். நவம்பரில் ஏரி ஒரு முழம் உறைந்ததும் அதைப் பாளம் பாளமாக அறுத்து, ஏரி மேலேயே நிமிர்த்தி நிறுத்திவைத்து, பிறகு வீட்டுக்கு இழுத்து வந்து சுவரோரம் அடுக்கிவிடுவோம். வேண்டுமென்கிறபோது உடைத்து, உள்ளே அடுப்போரப் பீப்பாயில் போட்டால் தண்ணீர். ஜனவரியில் வந்து இறங்கியவர்களுக்கு ஏது பாளம்? முதல் எட்டு நாள் பனியை உருக்கிக் குடித்தார்கள். ஓர் அண்டா பனிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்கும். அதில் முக்கால் டம்ளர் புகை வாசனை. ஒன்பதாம் நாள் எர்கான் மருந்தக வேனின் பின்னால் ஒரு சறுக்குவண்டியைக் கட்டிக்கொண்டு ஏரிக்குப் போய், பன்னிரண்டு பாளம் கொண்டுவந்து இறக்கினான். அன்று அவன் முற்றத்தில் நடந்த நடையைப் பார்த்தால், ஏரியையே பாயாகச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் மாதிரி இருந்தது.

இனி, இந்தப் புதன்கிழமை.

கடைவாசல் வெப்பமானி பூஜ்ஜியத்துக்குக் கீழே ஐம்பத்து மூன்று காட்டியது. கொட்டாவி விட்டால் பாதியில் நிறுத்திவிட்டு மீதியை வசந்தத்தில் விட்டுக்கொள்ளலாம் என்கிற மாதிரிக் குளிர். துயாரா ஐந்து மணிக்கே எழுந்து விறகு போட்டு, ஜன்னலின் உட்புறப் பனியைக் கரண்டியால் சுரண்டி, கெட்டிலை வைத்துவிட்டு, அது கொதிப்பதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். கெட்டில் கூவிய பிறகும் எழவில்லை.

“குளிச்சுட்டுப் போயேன் துயாரா. தண்ணி நிறைய இருக்கு,” என்றான் எர்கான்.

நாலு நாளாக அவன் வாயில் இந்த ஒரு வாக்கியம்தான். குட்மார்னிங்குக்குப் பதிலும் இதுதான்.

“நிக்கவே தெம்பு இல்ல. குளிக்கவா?”

“எப்படி எடுத்தேன் தெரியுமா...”

“கடப்பாறையால நெம்பி.”

“அதான். இன்னொகெந்தி சொன்னாரு, ‘ஏரிக்குப் போ தம்பி, ஐஸ் வேணும்னா ஊர்ல எல்லாரும் அங்கதான் எடுப்பாங்க’ன்னு. போய்ப் பார்த்தா வரிசையா நிக்குது! பக்கத்துலயே ஒரு சறுக்குவண்டித் தடம், புத்தம் புதுசு. யாரோ அப்பதான் எடுத்துட்டுப் போயிருக்காங்க. சரி, ஊர்ப் பொது போலன்னு...”

“அஞ்சு தடவை சொல்லிட்ட.”

“ஆறு,” என்றது போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல். ஐம்பதைத் தாண்டினால் சின்ன வகுப்புக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அதனால் சந்தாராவுக்கு இது ஐந்தாவது நாளாக விடுமுறை. அலுத்துப்போன விடுமுறை.

துயாரா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு மருந்தகக் கதவைத் திறந்தாள்.

முதல் ஆள் செம்யோன். எழுபது வயது, குதிரை மேய்த்தவர். ரத்த அழுத்தம் பார்ப்பதற்காக வாரம் மூன்று முறை வருகிறவர். உண்மையில் வருவது பேசுவதற்கு. அன்றும் சத்தமாகத்தான் வந்தார். முற்றத்தைக் கடக்கும்போது சத்தம் நின்றுவிட்டது. துயாரா ஜன்னலில் சுரண்டிவைத்திருந்த ஓட்டை வழியாகப் பார்த்தாள். சுவரோரப் பாளங்களுக்கு முன்னால் செம்யோன் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று டிகிரியில், வழுக்கைத் தலையோடு.

“உள்ள வாங்க! காது உதிர்ந்துடும்!”

அவர் வந்தார். உட்காரவில்லை.

“இந்த ஐஸு எங்க எடுத்தது டாக்டரம்மா?”

“ஏரியில. என் வீட்டுக்காரரு கொண்டுவந்தாரு.”

“எல்லாம் இடப்பக்கம் சாஞ்சிருக்கு, பார்த்தியா?”

“கவனிக்கலையே. ஏன்?”

“இந்த ஊர்ல ஒவ்வொருத்தன் அறுப்பும் அவனவன் கையெழுத்து மாதிரி. என் பாளத்துக்கு மூக்கு இருக்கும். கடைக்காரன் பாளம் அவன மாதிரியே தொப்பை போட்டிருக்கும். இடது கைக்காரன் ஊருக்கே ஒருத்தன்தான். புரோகோபி. அவன் அறுத்தாத்தான் இப்படிச் சாயும்.”

“அவருகிட்ட சொல்லிடறோம். மன்னிப்புக் கேட்டுக்கறோம்...”

“அவன்கிட்டயா? பதினாலு பாளத்தையும் அறுத்து நிறுத்திட்டு, கடைசிப் பாளத்து மேலயே சாஞ்சான். நவம்பர்ல. வீட்டுக்கு ஐஸு கொண்டுபோகற சறுக்குவண்டியில அவனைக் கொண்டுபோனோம்.”

துயாரா ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுருட்டி மேஜையில் வைத்தாள்.

“பாளத்தையெல்லாம் நாங்க இழுத்துட்டு வந்து தரோம்னோம். அவன் பெண்டாட்டி அகுலினா வேணாம்னுட்டா. ‘நிக்கட்டும். அவரு நிறுத்தினது. வசந்தத்துல ஏரியே எடுத்துக்கட்டும்’னா. ரெண்டு மாசமா ஊர்ல ஒரு குழந்தைகூட அதைத் தொட்டதில்ல.” செம்யோன் தொப்பியைப் போட்டுக்கொண்டார். “நான் சொன்னேன்னு சொல்லிடாதே டாக்டரம்மா.”

சொன்னவர் அவரேதான். மருந்தகத்தை விட்டு வெளியே போய், எதிரில் வந்த ஒவ்வொருவரிடமும் ஒன்று விடாமல் சொன்னார். எங்கள் ஊரில் செய்தி ஓடுவதற்கு நாய்வண்டி போதாது. பத்து மணிக்குள் பசுக்களுக்கும் தெரிந்துவிட்டது.

பத்தரைக்கு ஊசி போட வரவேண்டிய பெண் வரவில்லை. பதினொன்றுக்குக் கட்டுப் பிரிக்க வரவேண்டியவன் வரவில்லை. இருமல் மருந்து வாங்கக் கடைக்காரன் வாசல் வரை வந்து, பாளங்களைப் பார்த்து, இருமிக்கொண்டே திரும்பிப் போய்விட்டான்.

துயாரா மேஜை இழுப்பறையைத் திறந்தாள். வந்த எட்டாம் நாள், புகை வாசனைத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுதிவைத்த கடிதம் அதில் இருந்தது. ‘என்னை இந்தப் பணியிலிருந்து விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’ தேதி மட்டும்தான் போடவேண்டும். மருந்தகம் இருக்கிறது, மருந்து இருக்கிறது. ஆள் வராத ஊரில் அவள் யாருக்கு வைத்தியம் பார்ப்பாள்? அவள் பேனாவைத் தேடினாள். மை உறைந்திருந்தது. பேனாவைக் கக்கத்தில் வைத்து உருக்கிக்கொண்டே பின்பக்கம் போனாள்.

எர்கான் முற்றத்தில் கோடாலிக்குப் புதுப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, செதுக்கியதையே மறுபடி செதுக்கினான். பிடி மெலிந்து கரண்டிக் காம்பாகிவிட்டது.

“செத்தவரு ஐஸா?”

“ஆமா.”

“நாம குடிச்சது?”

“ஆமா எர்கான்.”

“ஒரு பலகை எழுதி வெச்சிருக்கக் கூடாதா? ‘இது புரோகோபியோடது’ன்னு?”

“ஊருக்கே தெரிஞ்சதுக்குப் பலகை எதுக்கு? தெரியாதது நமக்கு மட்டும்தான்.”

“தடம் இருந்துச்சு துயாரா. சத்தியமா. அதைப் பார்த்துதான்...”

“ஏழு,” என்றாள் வாசலில் நின்ற சந்தாரா.



“ஊருக்குப் போயிடலாம்,” என்றாள் துயாரா. கோபமாகச் சொல்லவில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். “உன்னைத் திட்டல. எனக்கு முடியல, அவ்வளவுதான். காலையில எழுந்தா விறகு, விறகுக்கப்புறம் சாம்பல், சாம்பலுக்கப்புறம் ஐஸு. நடுவுல நான் எப்ப வைத்தியம் பார்க்கறது? இப்ப அதுக்கும் ஆள் இல்ல.”

“பஸ் வேலையை எழுதிக்கொடுத்துட்டு வந்துட்டேனே.”

“தெரியும்.”

“நீ போகலாம்னு சொன்னதாலதானே வந்தேன். எனக்கு மீன் பிடிக்கக்கூடத் தெரியாது.”

“தெரியும் எர்கான்.”

இருவரும் பாளங்களை எண்ணினார்கள். ஒன்பது நின்றது. நாலு நாளில் மூன்று தீர்ந்துவிட்டது. எட்டு நாள் அழுக்கு ஒரே நாளில் போகுமா? சட்டை, போர்வை, மருந்தகத் தரை, சந்தாராவின் தலை என்று எல்லாவற்றையும் அலசியிருந்தார்கள்.

எர்கான் கடப்பாறையை எடுத்தான். “இருந்த இடத்துலயே கொண்டுபோய் நிறுத்திடறேன். அப்படியே அவங்க வீட்டுக்குப் போய்க் கால்ல விழறேன்.”

“அந்த மூணை எப்படிப்பா திருப்பிக் குடுப்ப?” என்றாள் சந்தாரா. “ஒண்ணு என் தலையில போச்சு.”

எர்கான் முதல் பாளத்தின் அடியில் கடப்பாறையைச் செருகினான். நெம்பி, உருட்டி, முனகி, ஒவ்வொரு பாளமாகச் சறுக்குவண்டியில் ஏற்றினான். ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். அவனைக் கேட்டால் யானை என்பான். கண்ணிமை உறைந்து ஒட்டிக்கொண்டது. விரலால் பிரித்துவிட்டுக்கொண்டு ஏற்றினான். மணி இரண்டரை ஆயிற்று. சூரியன் வேலி உயரத்துக்கு வந்து, எட்டிப் பார்த்து, இது நமக்கு ஆகாது என்று இறங்கிக்கொண்டிருந்தது.

ஒன்பதாவது பாளத்தைக் கயிறு போட்டு இறுக்கியபோது, மூடுபனிக்குள்ளிருந்து ஒரு நரித்தோல் தொப்பி வந்தது. ஆண்பிள்ளைத் தொப்பி, இரண்டு அளவு பெரிசு. அதன் அடியில் ஒரு சின்ன அம்மாள்.

அகுலினா.

வேலிக்கு வெளியே ஊர் நின்றது. முழு ஊரும் என்று சொல்ல ஆசைதான். ஆறு பேர். ஆனால் ஆறு பேரும் அறுபது பேருக்கான கண்களோடு நின்றார்கள்.

அகுலினா சறுக்குவண்டியை ஒரு சுற்று சுற்றினாள். கையுறையைக் கழற்றி ஒரு பாளத்தின் சாய்ந்த விளிம்பைத் தடவினாள். எர்கான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பாளம் ஏற்றும்போதே மனப்பாடம் செய்துவைத்ததை ஆரம்பித்தான்.

“அம்மா, எனக்குத் தெரியாம...”

“இறக்கு.”

“என்னது?”

“இறக்குன்னேன். கட்டின கயிறைப் பாரு! இந்த முடிச்சோட நாலு அடி போனா ஐஸு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். அவரு நிறுத்தினதை நீ போய் எப்படிடா நிறுத்துவ? இறக்கிட்டு உள்ள வா. குளிருது.”

துயாரா கதவைத் திறந்துவிட்டாள். “டீ?” என்றாள். சொன்ன பிறகுதான் அந்த டீ எந்தத் தண்ணீர் என்று உறைத்தது. சொன்னதைத் திரும்ப எடுக்கவா முடியும்?

அகுலினா தொப்பியோடே உட்கார்ந்தாள். அடுப்பைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். மறுபடி அடுப்பைப் பார்த்தாள்.

“வந்த அன்னிக்கு நெருப்புக்கு என்ன குடுத்தீங்க?”

துயாராவின் முகம் சிவந்தது. புது வீட்டில் காலை வைத்ததும் நெருப்புக்கு முதலில் ஊட்ட வேண்டும். நகரத்தில் நாலாவது மாடியில் வளர்ந்தாலும் அவளுக்கு இது தெரியும். அம்மா கேஸ் அடுப்புக்கே ஊட்டியவள். “அன்னிக்கு... சாமான் இறக்கினோம். அப்புறம் புகை. அப்புறம் மறந்துட்டேன்.”

“பன்னிரண்டு நாளா பட்டினி போட்டிருக்கீங்க! அப்புறம் புகையாம என்ன செய்யும்? நானா இருந்தா வீட்டையே கொளுத்தியிருப்பேன்.”

காலையில் சுட்ட அப்பத்தில் ஒன்றைப் பிய்த்து, வெண்ணெயை அப்பிக்கொண்டு அடுப்பின் கதவைத் திறந்தாள் அகுலினா. வெண்ணெய் பொரிந்து எரிந்தது. “புது ஆளுங்க,” என்றாள் நெருப்பிடம். “ஒண்ணும் தெரியாது. கத்துக்குவாங்க. கொஞ்சம் பொறுத்துக்கோ.” கதவைச் சாத்திவிட்டு, “ஊத்து டீயை,” என்றாள்.

துயாரா பால் விட்டு ஊற்றினாள்.  அகுலினா இரண்டு கைகளாலும் கோப்பையைப் பிடித்து முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். அப்புறம் அதை மேஜையில் வைக்காமலே முழுவதும் குடித்தாள்.

“நல்லா இருக்கு,” என்றாள். “ஏரி நடுவுல அறுத்தாத்தான் இந்த ருசி வரும். ஓரத்துல அறுத்தா சேறு வாசம் அடிக்கும். அந்த மனுஷன் நடுவுக்குத்தான் போவாரு. ‘கிழவா, ஓரத்துலயே அறு, மூச்சு வாங்குது உனக்கு’ன்னு சொன்னேன். கேட்டாரா? ஊத்து.”

இரண்டாவது கோப்பை.

“நீங்க வந்து திட்டுவீங்கன்னு நினைச்சேன்,” என்றாள் துயாரா மெதுவாக.

“திட்டத்தான் வந்தேன். நாலு நாளாவே தெரியும் எனக்கு. என் ஜன்னல்லேர்ந்து ஏரி தெரியும். ரெண்டு மாசமா காலையில எழுந்தா அதுங்க நிக்கும். இருட்டுல பார்த்தா அவரே பதினாலு பேரா நிக்கிற மாதிரி இருக்கும், எல்லாரும் ஒரு பக்கமா சாஞ்சு. ஒரு புருஷன் போதாதா எனக்கு? அன்னிக்கு மத்தியானம் பார்க்கறேன், ஒண்ணும் இல்ல. வெறும் ஏரி. கத்தணும்னு வாயைத் திறந்தேன். கத்தறதுக்குள்ள தூங்கிட்டேன்.” கோப்பையை நீட்டினாள். “ரெண்டு மாசத்துல முதல் தூக்கம். அதுலேர்ந்து தினமும் தூங்கறேன். அதனால திட்டு பாதியாயிடுச்சு. மீதிப் பாதியை இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் தள்ளிவெச்சேன், யாராவது என் வாசலுக்கு வராங்களான்னு பார்க்கறதுக்கு. வரலேன்னா ஊரைக் கூட்டியிருப்பேன். என் ஜன்னல்லேர்ந்து உங்க முற்றமும் தெரியும். உன் புருஷன் ஏத்தற அழகைப் பார்த்தேன். பாஸ் பண்ணிட்டான், ஒரு மார்க்குல.”

பாளங்களை இறக்கிவிட்டு வந்து கதவோரம் நின்ற எர்கான், மூக்கைத் துடைத்துக்கொள்ளும் சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

“உங்க குடிதண்ணிக்கு என்னம்மா பண்றீங்க?” என்றாள் துயாரா.

“நிலத்தடிக் கிடங்குல போன வருஷத்து ஐஸு உருகாம இருக்கு. இந்தக் குளிர்காலம் ஓடிடும். அடுத்த நவம்பர்ல?” அகுலினா எர்கானை மேலும் கீழும் பார்த்தாள். “நீ அறுக்கற. எனக்குப் பதினாலு. ஏரி நடுவுல. எத்தனை வருஷ ஒப்பந்தம்டா உங்களுக்கு?”

“அஞ்சு.”

“அஞ்சு தடவை. அதுக்குள்ள செத்துட்டேன்னா மீதி உனக்கு லாபம்.”

வேலியோரத்து ஆறு பேரில் கடைக்காரன் மெல்ல மருந்தகக் கதவைத் தட்டினான். இருமல் மருந்து வேண்டுமாம். பின்னாலேயே ஊசிப் பெண்ணும் வந்துவிட்டாள். துயாரா கோட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். இழுப்பறை திறந்தே கிடந்தது. கடிதத்தைக் கிழிக்க நினைத்தாள். அதற்குக்கூடக் கை எழவில்லை. இழுப்பறையை முழங்காலால் தள்ளி மூடினாள். கக்கத்துப் பேனா அதற்குள் உருகி, வெள்ளைக் கோட்டில் ஆப்பிள் அளவுக்கு ஒரு நீலம்.

பின்பக்கத்தில் அகுலினா எழுந்து தொப்பியின் நாடாவை முடிந்துகொண்டிருந்தாள். முடிந்தபடியே ஜன்னல் ஓட்டை வழியாக எண்ணினாள்.

“ஒன்பது நிக்குது. நீங்க குடிச்சது?”

“மூணு,” என்றான் எர்கான்.

“பன்னிரண்டு. அன்னிக்குக் காலையில பதினாலு நின்னுச்சு. நான் எண்ணாத நாள் இல்ல.”

“நான் போனப்ப பன்னிரண்டுதான்மா இருந்துச்சு! பக்கத்துல ஒரு தடம்...”

சந்தாரா இந்தத் தடவை எண்ணவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுப் பக்கம் பார்த்தாள். ஐந்து நாள் விடுமுறையில் இன்னொகெந்தியின் நாயோடு அவள் நுழையாத மூலை இல்லை.

“எனக்குத் தெரியும்,” என்றாள். “இடப்பக்கமா சாஞ்சு, ரெண்டு. சாக்கு போட்டு மூடி...”

“சொல்லாதே கண்ணு,” என்றாள் அகுலினா. குரல் உயரவில்லை. “உங்க அப்பாவுக்கு நாலு நாள் குடுத்தேன். எடுத்தவங்க யாரா இருந்தாலும் அவங்களுக்கும் இன்னியிலேர்ந்து நாலு நாள்.”

பக்கத்து வீட்டு ஜன்னலில், இரண்டு மணியிலிருந்து ஒரு விரற்கடை விலகியே இருந்த திரைச்சீலை மூடிக்கொண்டது.